பத்து நாள் வெள்ளோட்டம்

ஜூன் 2, திங்கள்

இருபத்தாறு வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு, திடீரென்று நாலு பக்கமும் கேமரா வைத்த கார் எதற்கு? எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

இதை எனக்குப் பிறகு யாராவது படித்தால் குழம்பக் கூடாது. ஆகவே: நான் சாரு; 'இவர்' என்றால் என் கணவர் குழந்தைவேலு. அரசூரில் பம்ப் கம்பெனியில் உற்பத்தி மேலாளர். தலைவலி மாத்திரை வாங்கினாலே பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்து நாலு கேள்வி கேட்கிறவர். அவர்தான் நேற்று ஷோரூமில் ஒரு சின்ன எஸ்யூவி முன்னால் நின்று, "இதுல அந்த ஓரத்துல வர்ற வண்டியெல்லாம் காட்டுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

ஷோரூம் மேலாளர் இருதயராஜ் உற்சாகமான ஆள். முன்பணம் கட்டினால் பத்து நாள் வண்டியை வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு திட்டமாம்.

"பத்து நாள் கழிச்சு நீங்களே சாவியத் திருப்பித் தர மாட்டீங்க மேடம். பத்துல எட்டுப் பேரு அப்படித்தான்."

"இதுவரைக்கும் மொத்தம் எத்தன பேருக்குக் கொடுத்தீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "உங்களோட சேத்து மூணு பேரு மேடம்."

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். லீவு பதினாறாம் தேதி வரை இருக்கிறது. ஒரு மதிப்பெண் தாள் தயாரித்துவிட்டேன். இருபது வரிகள், வரிக்குப் பத்து மதிப்பெண். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

வண்டி வந்தது. மழைக்கு முன்னால் வானம் இருக்கிற நிறம். பெரிய வண்டியைப் பார்த்து ஆசைப்பட்ட சின்ன வண்டி மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சேலை கட்டிக்கொண்டு ஏறி இறங்குதல்: எட்டு. சீட்டின் உயரம் என் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, முட்டி முனகவில்லை. கைப்பை வைக்க இடம்: நாலு. இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் வீட்டில் பெண்களே இல்லை போலிருக்கிறது. ஏசியைக் குறைக்கத் திரையில் இரண்டு முறை தொட வேண்டும்: மூன்று. சீட்டுக்குள் காற்றாடி இருக்கிறது. முதுகுக்குக் காற்று வருகிறது. கேலி செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்பது.

மேலே கண்ணாடிக் கூரை. கோயம்புத்தூர் வெயிலில் தலைக்கு மேல் எதற்கு ஜன்னல்? இரண்டு.

இவர் சாயங்காலம் வந்து தாளைப் படித்தார். "கேமராவுக்கு மார்க் போடலியே?"

"இன்னும் பாக்கலீங்க."

"அதப் பாக்காம வேற என்னத்தப் பாத்த நீ?"

ஜூன் 4, புதன்

இவர் ஓட்ட, உழவர் சந்தைக்குப் போனோம். பக்கவாட்டில் யாராவது நெருங்கினால் கண்ணாடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து 'டிங்' என்று அடிக்கிறது. போகவர ஆறு முறை அடித்தது. இவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, என்னமா சொல்லுது பாரு!"

பின்பக்கத்தில் இரண்டு பை காய்கறி, ஒரு வாழைத்தார், ஒரு பூசணிக்காய் தாராளமாகப் போயின. ஒன்பது.

ஜூன் 5, வியாழன்

சூலூரில் நாத்தனார் வீட்டுக்கு மாவு கொடுக்க வேண்டியிருந்தது. தூக்குவாளியில் முக்கால் அளவு இட்லி மாவு, மூடி இறுக்காமல், பின் சீட்டுத் தரையில் வைத்தேன். வழியில் பதினான்கு வேகத்தடை. ஒரு சொட்டு சிந்தவில்லை. சஸ்பென்ஷனுக்குப் பத்து.

"ஆராய்ச்சிக்கு மாவா?" என்று இவர் சிரித்தார். "இருதயராஜுகிட்ட சொல்றேன், வெளம்பரத்துல போட்டுக்கட்டும்."

டிங் ஐந்து முறை. நான்கு இடது பக்கம்.

ஜூன் 6, வெள்ளி

கூரியர் ஆபீஸுக்குப் போகும்போது அவிநாசி ரோட்டில் இவர் இடது பக்கம் ஒதுங்கினார். வண்டி கத்தியது. பிறகு தானாகவே பிரேக் போட்டு நின்றது. என் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி ஸ்கூட்டியில் ஒரு பெண். காலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"கண்ணு தெரியலயாய்யா உனக்கு?"

இவர் கண்ணாடியை இறக்கவில்லை. என்னிடம் சொன்னார்: "பாத்தியா? தானா நின்னுருச்சு. பழைய வண்டின்னா என்ன ஆயிருக்கும்? பத்துக்குப் பத்து போடு."

போட்டேன்.

ஜூன் 7, சனி

அந்த ஸ்கூட்டிப் பெண் கட்டியிருந்தது மஞ்சள் சேலை. பகல் பதினொன்றரை மணி. மழை இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பழைய வண்டியைக் கழுவினேன். இவர்தான் ஞாயிறு தோறும் கழுவுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். இன்று கம்பெனியில் யாருக்கோ வளைகாப்பு, போயிருந்தார். காற்று நன்றாக வீசுகிறது, ஈரத்துணி காய்வதற்குள் அடுத்த கதவுக்குப் போக முடியவில்லை.

இடது பக்கக் கதவில் மூன்று கீறல்கள். மூன்றிலும் அதே நிறப் பெயின்ட்டை மெல்லிய பிரஷ்ஷால் தடவியிருக்கிறார். இவருக்கு எப்போதும் கை சுத்தம். வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். ஒரு கீறல்கூட இல்லை என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். திருத்தம்: மூன்று.

முன்னால் உள்ள பெட்டியில் துடைக்கும் துணி தேடும்போது கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒன்று கிடைத்தது. கூடவே மருத்துவர் சீட்டு, போன அக்டோபர் தேதி போட்டது. இவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அதுவா? ஃபேக்டரி தூசிக்கு. கண்ணு எரியுது."

சரி. தூசி.

ஜூன் 9, திங்கள்

அந்த மருந்தின் பெயரை இணையத்தில் பார்த்தேன். தூசிக்கு அல்ல. கண்ணழுத்த நோய்க்கு. வலி இருக்காதாம். ஓரப் பார்வையை முதலில் தின்னுமாம். போன பார்வை திரும்பாதாம்.

மூடிவிட்டேன். உளுந்து ஊறப்போட வேண்டியிருந்தது.

இரவு சாப்பாட்டின்போது புனேயிலிருந்து மகள் நிரஞ்சனா கூப்பிட்டாள். "வாங்கிருங்கம்மா. அப்பா எத்தன நாளைக்கு அந்த டப்பாவ ஓட்டுவாரு? நீங்க எப்பவும் கணக்குப் பாத்துப் பாத்தே எல்லாத்தையும் கெடுத்துருவீங்க."

இன்னும் கணக்குப் பார்க்கவில்லை என்று சொன்னேன். உண்மைதான். இனிமேல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நான் ஓட்டினேன். எனக்கு லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகிறது. ஆனால் இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. மூன்றாம் வருடமே விட்டுவிட்டேன். இன்றும் அதே கச்சேரி.

"ஸ்டியரிங்க இப்படியா புடிப்பாங்க? மொறத்தப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்க."

"முன்னாடி லாரிங்க, பேசாம வாங்க."

"லாரி எனக்குத் தெரியாதா?"

லாரி தெரிந்தது. நேராக இருந்தது.

சிங்காநல்லூர் குளத்தைச் சுற்றி வந்து நிறுத்தும்போது, நான் அவ்வளவு மோசமாக ஓட்டவில்லை என்று எனக்கே தோன்றியது. இவர் கம்பெனிக்குப் போனபிறகு தனியாக இரண்டு தடவை கடைவீதிக்குப் போய் வந்தேன். மாலையில் மதிப்பெண் தாளில் இருபத்தோராவது வரி ஒன்றைச் சேர்த்தேன். பக்கவாட்டு எச்சரிக்கை. இவர் ஓட்டிய ஆறு பயணங்களில் முப்பத்தொன்று, அதில் இடது பக்கம் இருபத்தேழு. நான் ஓட்டிய மூன்று பயணங்களில் நான்கு, இடது பக்கம் இரண்டு.

இவர் வந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். இப்போதெல்லாம் எதையும் படிக்கும்போது தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கொள்கிறார். ரொம்ப நேரம் நின்றார்.

"இத எதுக்கு எழுதுன?"

"வண்டியப் பத்தின தகவல்தானுங்க."

"இது வண்டியப் பத்தினதா?"

"சாம்பிள் ரொம்பச் சின்னதுங்க. இத வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது."

"வர முடியாதுன்னா எழுதாம இருந்திருக்கலாமே, சாரு."

காபியை மேடையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஆடை படிந்துவிட்டது. நானே குடித்தேன்.

ஜூன் 11, புதன்

ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லை. 'உப்பு', 'சாவி', 'கேட்டு'. அவ்வளவுதான்.

காலையில் இவர் மட்டும் புது வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் வந்தார். ராத்திரி தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது பார்த்தேன். இருபத்தேழை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 28 என்று எழுதியிருந்தார். இவருடைய வரைபட எழுத்து, அச்சு மாதிரி இருக்கும். கீழே சிறியதாக: 'பள்ளிக்கூட வாசல்.'

நான் கேட்கவில்லை. தாள் அப்படியே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். மொத்தம் இருநூறுக்கு நூற்று முப்பத்தெட்டு. இருபத்தோராவது வரியைச் சேர்க்கவில்லை.

நல்ல வண்டி. தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது; நெரிசலில் களைப்பு இல்லை, சந்தில் திரும்புகிறது, மாவு சிந்துவதில்லை. விலை அதிகம்தான், கண்ணாடிக் கூரைக்காகக் கொடுக்கும் பணம் வீண்தான். இருந்தாலும் வாங்கலாம் என்று நானே சொன்னேன். இவர் முகத்தில் ஆச்சரியம்.

"நெசமாவா சொல்ற?"

"தினமும் காலேஜுக்கு எடுத்துட்டுப் போகலாமுங்க."

"யாரு, நீயா?"

"ஆமாங்க."

"சரி, சரி. வாரத்துல ஒருநாள் எடுத்துட்டுப் போ."

இருதயராஜ் இருவருக்கும் கை கொடுத்தார். "சொன்னேன்ல மேடம்? பத்துல எட்டு!" மூன்றில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள் வண்டி எடுத்துவிட வேண்டும் என்பதில் இவர் கறார். ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட வாங்க மாட்டோம். ஜூலை பத்து, வியாழன், பௌர்ணமி என்று தேதி குறித்தாயிற்று.

இருவரும் ஒரே வண்டியைத்தான் வாங்குகிறோம். ஆனால் அவர் வாங்குவது வேறு, நான் வாங்குவது வேறு.

ஜூன் 20, வெள்ளி

கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்று இவரே கேட்டார். போனேன். பழைய வண்டி, இவர்தான் ஓட்டினார். நான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். "ஸ்கூட்டர்ங்க", "மாடுங்க", "ஆட்டோ வர்றானுங்க" என்று. இப்போது நான்தான் டிங்.

உள்ளே என்னைக் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "பவர் கொஞ்சம் மாறியிருக்காம்" என்றார்.

பின்னாலேயே டாக்டரம்மா வாசல் வரை வந்தார். "சார யாரு கூட்டிட்டு வந்தீங்க?"

"அவரேதான் ஓட்டிட்டு வந்தாருங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "நான் உள்ள சொன்னது ஞாபகம் இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

என்ன சொன்னார் என்று லிஃப்டில் கேட்டேன்.

"கீரை சாப்புடச் சொன்னாங்க."

ஜூலை 1, செவ்வாய்

கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. இவர் ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று புதிதாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். காரணம் கேட்கவில்லை. 'வந்தாச்சு' என்று எட்டரைக்கு வரும். எட்டே முக்காலுக்கு எனக்கு முதல் வகுப்பு. இன்று செய்தி எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அதுவரை நான் போர்டில் எழுதியது என்னவென்று எனக்கே தெரியாது. ஒரு மாணவி எழுந்து, "மேம், அதே வரிய மூணு தடவ எழுதிட்டீங்க" என்றாள்.

ஜூலை 5, சனி

இவர் தூங்கும்போது பழைய வண்டியை எடுத்துக்கொண்டு விடிகாலையில் நீலாம்பூர் வரை போய் வந்தேன். பயமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது இவர் லுங்கியோடு கேட்டருகே நின்றிருந்தார். கேட்டைத் திறந்துவிட்டார். திட்டவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 9, புதன்

நாளை. எமகண்டம் முடிந்து ஏழரைக்கு ஷோரூமில் சாவி வாங்க வேண்டும். அங்கிருந்து ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை. பிறகு வீடு. மகளிடமும் நாத்தனாரிடமும் போனில் இவர், "நாந்தான் ஓட்டிட்டு வர்றேன், வந்ததும் போட்டோ அனுப்புறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயிலிலிருந்து வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் நான்கு பள்ளிக்கூடங்கள். காலை எட்டரை மணி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும். சாவி வாங்கியதும் ஷோரூம் வாசலிலேயே சொல்லிவிடுவேன். என்ன சொல்வதென்று எழுதிப் பார்த்தேன். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று ஆரம்பித்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. 'உங்க நல்லதுக்குத்தான்' என்றால் என் மாமியார் மாதிரி இருக்கிறது. கடைசியில் நிற்பது இதுதான்: 'வண்டிய இனிமே நான் ஓட்டறேனுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து திட்டிட்டு வாங்க.' ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அதற்கு இவர் கோபித்துக்கொள்வார். ஷோரூமிலேயே சத்தம் வரும். இருதயராஜ் நடுவில் வந்து லட்டு கொடுப்பார். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாலும் போவார். போகட்டும். இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்தது வேறு.

ஷோரூமில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு தடவை ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். வண்டிக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். இவர் புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். "சார் ஓட்றீங்களா, மேடமா?" என்று இருதயராஜ் கேட்டார். "கோயில் வரைக்கும் உங்க டிரைவர் ஓட்டட்டும்" என்று இவர் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

கோயிலில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். ஒரு டிராக்டர், ஒரு மினி லாரி. எங்கள் முறை வந்ததும் குருக்கள் கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்து, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"ஓட்றவா ஏறுங்கோ. மெதுவா முன்னாடி எடுங்கோ."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் போனேன். அதற்குள் இவர் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். சீட்டை ஒருமுறை முன்னால் இழுத்து, பின்னால் தள்ளி, கண்ணாடியைச் சரி செய்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "எடுங்கண்ணா, நல்ல நேரம் போயிரும்" என்றார்.

வண்டி நகர்ந்தது. பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. பத்தடி போயிருக்கும். நின்றது. இன்ஜின் நின்றது.

இவர் இறங்கினார். கதவைச் சாத்தவில்லை. பானட்டின் மேல் கையை வைத்தபடியே முன்பக்கமாகச் சுற்றி வந்தார். மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் முன்னால் நின்று சாவியை நீட்டினார்.

"பழம் நசுக்கியாச்சு. மிச்சத்த நீ ஓட்டு."

"ஏனுங்க..."

"டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க, சாரு. ரோட்டுல எறங்கக் கூடாதுன்னு. புது வண்டியில ஒரு பத்தடி ஓட்டணும்னு இருந்தேன். கோயிலுக்குள்ள யாரும் குறுக்க வர மாட்டாங்கல்ல? ஓட்டியாச்சு." குரலில் ஒரு குறையும் இல்லை. "நாளையிலிருந்து கம்பெனி பஸ். ஏழு பத்துக்கு முக்குல வருதாம். டிபன் அதுக்குள்ள ஆகணும்."

நான் வலது பக்கம் ஏறினேன். இவர் இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கொக்கியைத் தேடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தானே கண்டுபிடித்தார்.

பொள்ளாச்சி ரோட்டில் ஏறினோம். லேசாகத் தூறல். வைப்பர் தானாகவே ஓட ஆரம்பித்தது. முதல் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். நின்றேன். ஒரு சிறுமி வண்டியிலிருந்த மாலையைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் இடது பக்கம் நின்றிருந்தாள். "உங்களுக்குக் கை காட்டுதுங்க" என்றேன். இவர் தலையை முழுக்கத் திருப்பி, தேடி, பார்த்து, அவரும் கையசைத்தார்.

அதன்பிறகு இரண்டு கிலோமீட்டர் தூரம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் அந்த அமைதி தாங்கவில்லை. ஸ்டியரிங்கை முறத்தைப் பிடிப்பது போலப் பிடித்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சுந்தராபுரம் சிக்னலில் நிறுத்தினேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கிளட்ச்சுல கால வெச்சுட்டே நிக்காத, சாரு. தேஞ்சு போயிரும்."

இது ஆட்டோமேட்டிக் வண்டி. இதில் கிளட்ச்சே கிடையாது.

"சரிங்க" என்றேன்.